தொண்ணூறில் தெரிந்த கோடு

காலை ஏழரை மணி பாசஞ்சருக்காக ஆம்பூர் ஸ்டேஷனில் மூன்று வருஷம் தினமும் நின்றவள் தபஸ்ஸும். வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துவிடுவாள். யாராவது கேட்டால் "ஆள் வர்றாங்க" என்பாள். குடியாத்தத்தில் ரோஷினி ஏறுவாள். பை மடிக்கு வரும். அங்கிருந்து காட்பாடி வரைக்கும் அவர்கள் பேசுவதைக் கேட்டு எதிர் சீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். ஒரு அணுவிடம் கூடுதலாக ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் வைத்துக்கொள்ளுமா, விட்டுவிடுமா என்பதுதான் பேச்சு.

தபஸ்ஸுமின் அப்பா அப்துல் ஹமீத் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். மகள் எம்.எஸ்சி. இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியதும் அம்மா அன்வரி பேகம் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தாள். அப்பாதான் தடுத்தார். "படிக்கட்டும். வயசுல பாதி நாள் நான் தோல் பாத்தே போச்சு. அவளாவது வேற எதையாவது பாக்கட்டும்" என்றார். அப்படித்தான் 2011-இல் வேலூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியர் மதியழகனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அதே நாளில் சேர்ந்தவள் ரோஷினி. அவள் அப்பா அரங்கநாதன் குடியாத்தத்தில் ஆறு பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறவர்.

மதியழகனின் ஆராய்ச்சி எதிர் அயனிகளைப் பற்றியது. சாதாரண அணுவில் எத்தனை புரோட்டான் உண்டோ அத்தனை எலக்ட்ரான் இருக்கும், கணக்கு நேராகிவிடும். அதற்கு மேல் ஒரு எலக்ட்ரான் வந்து ஒட்டிக்கொண்டால் அது எதிர் அயனி. குளோரின் மாதிரி சில அணுக்கள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். மக்னீசியம் மாதிரி சில, தனி அணுவாக இருக்கும்போது தொடவே தொடாது. ஆனால் தொடாத அணுக்களே இரண்டு மூன்றாகச் சேர்ந்து, கூடவே ஒரு தண்ணீர் மூலக்கூறும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அந்தச் சின்னக் கொத்து எலக்ட்ரானைப் பிடிக்குமா? இதைத்தான் இரண்டு பேரும் இரண்டு வழியாகத் தேடினார்கள். தபஸ்ஸும் கணினியில் கணக்குப் போட்டாள். ரோஷினி மிஷினில் அளந்தாள்.

அந்த மிஷினை மதியழகன் பன்னிரண்டு வருஷமாகச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியிருந்தார். எஃகுக் குழாய்கள், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்புகள், ஒரு லேசர். லேசர் அடித்ததும் மக்னீசியக் கம்பியிலிருந்து அணுக்கள் ஆவியாகப் பறக்கும். ஈரம் கலந்த வாயு அவற்றைக் குளிர்வித்துக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கும். எலக்ட்ரான் ஒட்டிய கொத்துகளை எடைவாரியாகப் பிரித்து, வேண்டிய எடை வரும்போது இன்னொரு முறை லேசர் அடித்தால் ஒட்டிய எலக்ட்ரான் தெறித்து வெளியே வரும். அது வரும் வேகத்தை வைத்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம். திரையில் அது ஒரு கோடாக எழும்.

எழ வேண்டிய கோடு பெரும்பாலான நாட்களில் எழாது. பம்பு மக்கர் பண்ணும், கரண்ட் போகும், எங்கேயோ ஒரு வளையம் கசியும். ரோஷினி ஸ்பேனரும் கையுமாகக் கீழே படுத்துக்கொண்டு கசிவு தேடுவாள். குழாயில் காது வைத்தே பம்பின் எண்ணெய் மாற்ற வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். "இவ கைக்கு மட்டுந்தான் இது அடங்குது" என்று மதியழகனே சொல்லியிருக்கிறார். மதியம் இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் ரோஷினி சோளிங்கர் நரசிம்மருக்கு விரதம். அன்றைக்கு அன்வரி பேகம் ஞாபகமாக வாழைப்பழம் வைத்து அனுப்புவாள்.

2013 அக்டோபரில் ஒரு புதன்கிழமை பிற்பகல். கணினி அறையில் இருந்த தபஸ்ஸுமை ரோஷினி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். திரையில் தொண்ணூறு எடைக்கான பதிவு. இடது ஓரத்தில், ஊசி மாதிரி, மெல்லிசாக ஒரு கோடு.

"இன்னாடி இது?"

"மூணு மக்னீசியம், ஒரு தண்ணி. மூணு இருபத்திநாலு எழுவத்திரெண்டு, கூட ஒரு பதினெட்டு. தொண்ணூறு. பாரு, எலக்ட்ரான் ஒட்டியிருக்குது. ரொம்ப ரொம்ப லேசா. நாப்பது மில்லி எலக்ட்ரான் வோல்ட்டு கூட முழுசா வராது. ஊதுனா போய்டும். ஆனா ஒட்டியிருக்குது."

தபஸ்ஸுமுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த கணமே தன் கணக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அவள் தன் முதல் கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள். பதினாறு கொத்துகளுக்குக் கணக்குப் போட்டு அட்டவணையாகக் கொடுத்திருந்தாள். இந்தக் கொத்து அதில் ஒன்பதாவது. அதற்கு எதிரே, எலக்ட்ரான் ஒட்டாது என்று எழுதியிருந்தாள்.

"வெறும் தண்ணியா இருக்கப் போவுது" என்றாள். "அஞ்சு தண்ணி மூலக்கூறு சேந்தாலும் தொண்ணூறுதான். அஞ்சு பதினெட்டு."

ரோஷினி சிரித்தாள். "அத யோசிக்காம இருப்பேனா? வா, காட்றேன்."

மக்னீசியத்தில் எல்லா அணுவும் ஒரே எடை இல்லை. பத்தில் எட்டு இருபத்துநான்கு. மீதி இருபத்தைந்தும் இருபத்தாறும். மூன்று மக்னீசியம் சேர்ந்த கொத்து என்றால் தொண்ணூறோடு நிற்காது. தொண்ணூற்றொன்றிலும் தொண்ணூற்றிரண்டிலும் அதே கோடு, பாதிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தெரிய வேண்டும். தண்ணீர் மட்டும் என்றால் அங்கே அநேகமாக ஒன்றும் இருக்காது. ரோஷினி எடையை ஒன்று கூட்டினாள். இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். திரையில் துள்ளிய இரைச்சலுக்கு நடுவே ஒரு கோடு மெதுவாகத் தலை தூக்கியது. இன்னும் ஒன்று கூட்டினாள். அங்கேயும் எழுந்தது. முதலாவது அளவுக்குத் தெளிவில்லை. ஆனால் இருந்தது. தபஸ்ஸும் தன் கண்ணால் பார்த்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

ரோஷினி மூன்று பதிவையும் அச்செடுத்து நோட்டில் ஒட்டி, தேதி போட்டாள். மறுநாள் பெரிய பம்பு நின்றுபோனது.

திங்கட்கிழமை மதியழகன் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பக்கம் தபஸ்ஸுமின் அட்டவணை, இன்னொரு பக்கம் ரோஷினியின் நோட்டு. பேராசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அவசரப்பட்டு எழுதிய ஒரு முடிவு தப்பாகிப்போய், பெரிய கூட்டத்தில் தலைகுனிந்து நின்றவர். அதிலிருந்து சந்தேகம் என்றாலே பின்வாங்கிவிடுவார்.

"கணக்கு ஒட்டாதுன்னு சொல்லுது. மிஷினு ஒட்டும்னு சொல்லுது. நம்ம மிஷினு லட்சணம் நமக்குத் தெரியும்" என்றார்.

"சார், கனத் தண்ணி ஒரு பாட்டில் வாங்கிக் குடுங்க. சாதாரண தண்ணிக்கு பதிலா இருபது எடை இருக்குற அத விட்டா, மக்னீசியக் கொத்தும் வெறும் தண்ணியும் வேற வேற எடைக்குப் போய்டும். ஒரே நாள்ல தெரிஞ்சிடும்" என்றாள் ரோஷினி.

"எழுதிப் போட்டு எட்டு மாசமாச்சு. எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்? இந்த தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திரெண்டு… அச்சுல ஒண்ணும் சரியா தெரியலையே. தபஸ்ஸும், நீ கூட இருந்தியாம். நீ பாத்தியாம்மா?"

தபஸ்ஸும் அட்டவணையைப் பார்த்தாள். அந்தப் பத்திரிகையிலிருந்து முந்தின வாரம்தான் கடிதம் வந்திருந்தது. சின்னச் சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொள்வதாக. கணக்கின் மேல் அவளுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது. அது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணத்தில் அவள் நினைத்தது கணக்கைப் பற்றி இல்லை, கடிதத்தைப் பற்றி.

"தெளிவா சொல்ல முடியாது சார். நாய்ஸ் ஜாஸ்தியா இருந்துச்சு."

ரோஷினி திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. தான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்கிற மாதிரி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. பம்பு சரியாக ஏழு வாரம் ஆனது. மிஷினைக் கழுவி, துடைத்து, திரும்பவும் ஓட்டச் சொன்னார் மதியழகன். ரோஷினி ஓட்டினாள். பம்புக்குப் பழைய உயிர் இல்லை. தொண்ணூறில் ஒரு மேடு மாதிரி எழும், அமுங்கும். அந்த ஊசிக் கோடு மறுபடி வரவே இல்லை. அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் ரயிலில், "அன்னிக்கு நெஜமாவே பாத்தமாடி?" என்று கேட்டாள். தபஸ்ஸும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நாய்ஸ்தான் ரோஷி. உடு, வேற ஏதாவது பண்ணு" என்றாள்.

2014 ஜூலையில் ஆராய்ச்சி மதிப்பீட்டுக் கூட்டம். மூன்று வருஷம் முடிந்தும் ரோஷினியிடம் ஒரு கட்டுரைகூட இல்லை. அசுத்தத்தால் வந்த அளவைப் புதிய முடிவாகக் கருதிவிட்டார், அளவீட்டில் கவனம் போதாது என்று அறிக்கையில் எழுதினார்கள். உதவித்தொகையை நீட்டிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவள் தன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு, நோட்டுகளை லேப் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தபஸ்ஸும் அன்று வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை ரயிலில் பழக்கத்தில் பக்கத்தில் பையை வைத்தாள். குடியாத்தத்தில் யாரோ ஒரு அம்மா வந்து, "எடும்மா பைய" என்றதும் எடுத்தாள்.

பிறகு தபஸ்ஸுமுக்கு எல்லாம் வரிசையாக நடந்தது. பட்டம் கிடைத்தது. ஆம்பூரிலேயே கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் கல்லூரியில் வேலை. அப்துல் ஹமீத் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ரோஷினிக்கு முதல் வருஷம் இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. பிறகு செய்யவில்லை. அவளைப் பற்றி யாராவது கேட்டால், "குடும்பக் கஷ்டம், உட்டுட்டா" என்று சொல்லிப் பழகிவிட்டது.

பத்து வருஷம் கழித்து, 2024 மே மாத விடுமுறையில், வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பெரிய கணினியைத் தொலைவிலிருந்தே பயன்படுத்த அவளுக்கு அனுமதி கிடைத்தது. புதிய வேலை தொடங்குமுன் புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, விடை தெரிந்த பழைய கணக்கு எதையாவது கொடுப்பது வழக்கம். அவள் அந்தப் பதினாறு கொத்துகளையும் கொடுத்தாள். பதினைந்து பழைய விடையை ஒட்டி வந்தன. ஒன்பதாவது வரவில்லை. எலக்ட்ரான் ஒட்டும் என்றது. முப்பத்தெட்டு மில்லி எலக்ட்ரான் வோல்ட்.

ஏதோ தப்பு என்று நினைத்தாள். மூன்று நாள் வேறு வேறு முறையில் போட்டுப் பார்த்தாள். முப்பத்தைந்து, முப்பத்தொன்பது, முப்பத்தேழு. ஒரு முறைகூட ஒட்டாது என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் பழைய கோப்பைத் திறந்தாள். இந்த மாதிரி கணக்கில், எலக்ட்ரான் எங்கெங்கே இருக்கக்கூடும் என்று கணினிக்கு முதலிலேயே சில வடிவங்களைக் கொடுத்துவிட வேண்டும். அந்த வடிவங்களுக்குள்தான் அது எலக்ட்ரானைத் தேடும். லேசாக ஒட்டிய எலக்ட்ரான் அணுக்களுக்குப் பக்கத்தில் இருக்காது. வெகு தூரம் தள்ளி, பெரிய புகை மாதிரி பரவியிருக்கும். அதனால் எதிர் அயனி என்றால் தூரத்து வடிவங்களையும் சேர்க்க வேண்டும். இது பாடப்புத்தகத்திலேயே உண்டு. தபஸ்ஸுமுக்கும் அப்போது தெரியும். லேப்பில் இருந்த கணினி அதைத் தாங்காமல் நின்று நின்று போனது. பன்னிரண்டு கொத்துகளுக்கு எப்படியோ ஓட்டிவிட்டாள். மீதி நான்குக்கு அந்த வடிவங்களை எடுத்துவிட்டு ஓட்டினாள், பிறகு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று. மூன்றில் அதனால் பெரிய வித்தியாசம் வரவில்லை. நான்காவது இது. பிறகு அவள் பார்க்கவே இல்லை. பழைய கோப்பில், இடது ஓரத்தில், "மறுபடி ஓட்டணும்" என்று அவளே எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது.

புதிய கணக்கின் படத்தைத் திரையில் வரவழைத்தாள். நடுவில் ஆறு சின்ன உருண்டைகள்: மூன்று மக்னீசியம், ஒரு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஹைட்ரஜனுக்கு அப்பால், வெளியே, அந்தக் கொத்தைப் போல மூன்று மடங்கு பெரிதாக வெளிறிய மேகம். அதுதான் அந்த ஒரு எலக்ட்ரான். அவள் பார்க்காத இடத்தில் அது இருந்திருக்கிறது. ரோஷினி மிஷினில் பார்த்திருக்கிறாள். தபஸ்ஸும் மடிக்கணினியை மூடாமலேயே எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் வந்து தட்டும்வரை வெளியே வரவில்லை.

முதலில் மதியழகனுக்குப் போன் செய்தாள். ஓய்வு பெற்று வேலூரிலேயே இருந்தார். அந்த நோட்டு வேண்டும், மூன்று அச்சும் அதில்தான் இருக்கின்றன என்றாள்.

"லேப்ப காலி பண்ணப்போ எல்லாம் பழைய பேப்பருக்குப் போய்டுச்சேம்மா. டிஸ்க்கும் இல்ல. மிஷினையே கழட்டி இரும்புக்குப் போட்டுட்டாங்க." பிறகு, ஏன் கேட்கிறாய் என்றார். சொன்னாள்.

"அன்னிக்கு நான் அந்த பொண்ண நம்பல. உன்னத்தான்மா நம்புனேன்" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. வயதானவரின் குரல், அவ்வளவுதான்.

ரோஷினியின் பழைய எண் வேலை செய்யவில்லை. வீட்டு எண்ணில் அரங்கநாதன் எடுத்தார். யார் என்று சொன்னதும் சந்தோஷப்பட்டார். "அட, ஆம்பூர் பாப்பாவா! ரோஷினி ஆம்பூர்லதாம்மா வேல செய்றா, ஏழு வருசமா. ஷூ கம்பெனி டெஸ்டிங் லேப்புல. இன்னாம்மா, நீங்க பாத்துக்கிறதே இல்லியா?"

ஏழு வருஷம். தினமும் அதே ரயில் பாதையில், எதிர்த் திசையில், அவள் ஆம்பூருக்கு வந்து போயிருக்கிறாள்.

மறுநாள் மதியம் கம்பெனி கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடி டீக்கடையில் தபஸ்ஸும் காத்திருந்தாள். ஒரு மணிச் சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வந்தார்கள். நீலக் கோட்டு போட்ட ரோஷினி அவர்களுக்குள் வந்தாள். முன்நெற்றியில் நரை. தபஸ்ஸுமைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தாள்.

"அப்பா சொன்னாரு, போன் பண்ணியாமே."

"எப்டி இருக்கே ரோஷி?"

"இருக்கேன். தோல்ல குரோமியம் ஆறுன்ற விஷம் கீதான்னு பாக்குற வேல. நல்லாதான் போவுது." பிறகு அவளே சொன்னாள். "ஒண்ணு மட்டும் பேஜாரு. நான் பாத்தத நானே எழுத மாட்டேன். கூட ஒருத்தர கூப்ட்டு, உனக்கும் இதேதான் தெரியுதான்னு கேட்டுட்டுதான் எழுதுவேன். லேப்புல எல்லாம் சிரிப்பாங்க."

தபஸ்ஸும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. பையிலிருந்து படத்தை எடுத்து பெஞ்சில் வைத்தாள்.

"தொண்ணூறு. ஒட்டுது ரோஷி. முப்பத்தெட்டு மில்லி. நீ சொன்ன எடத்துலயே."

ரோஷினி படத்தைக் கையில் எடுத்தாள். அந்த மேகத்தை விரலால் சுற்றித் தடவினாள். ஒரு நிமிஷம் அவள் முகம் பழைய முகமாக ஆனது. "ஹைட்ரஜன் பக்கமா இருக்குது? நான் மக்னீசியம் பக்கம்னு நெனச்சேன்" என்றாள். "இவ்ளோ தூரமா? அதான் அவ்ளோ ஊசியா வந்துது. கொத்து ஆடவே இல்ல, எலக்ட்ரான் மட்டும் கழண்டுகிச்சி." பிறகு, "உனக்கு ஏன் அப்போ வரல?" என்று கேட்டாள்.

தபஸ்ஸும் சொன்னாள். வடிவங்களை எடுத்துவிட்டதை, மறுபடி ஓட்டாமல் விட்டதை, பத்திரிகைக் கடிதத்தை. கடைசியாக, "தொண்ணூத்தொண்ணுலயும் தொண்ணூத்திரெண்டுலயும் நான் பாத்தேன். தெளிவாதான் பாத்தேன். சார் கிட்ட பொய் சொன்னேன்" என்றாள்.

ரோஷினி படத்தைக் கீழே வைத்தாள்.

"நோட்டு?"

"இல்ல. பழைய பேப்பருக்குப் போட்டுட்டாங்க."

"ஓ."

"நாம சேந்து எழுதலாம் ரோஷி. உன் பேரு மொதல்ல. உன் அளவுதான் மொதல்ல வந்துது."

"எந்த அளவு? காமி." அவள் குரல் உயரவில்லை. "நீ கணக்க திருத்து, அது உன் கணக்கு. என் பேர எங்கியும் போடாத. நன்றின்னு கூட போடாத. போட்டா யாராவது கேப்பாங்க, இந்த பொண்ணு இன்னா அளந்தா, எங்க அதுன்னு. இன்னொரு வாட்டி என்னால நிக்க முடியாது."

தபஸ்ஸும் அழுதாள். ரோஷினி அழவில்லை. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து நீட்டினாள், பக்கத்தில் வரவில்லை.

"பத்து வருசமா நான் உன்ன தப்பா நெனைக்கல தபூ. என்னதான் தப்பா நெனச்சேன். அதுக்குத்தான் இப்போ இன்னா பண்றதுன்னு தெரியல."

சங்கு ஊதியது. எழுந்தவள், நின்று, "எனக்கு ஒண்ணு பண்ணு. எங்கப்பா கிட்ட சொல்லு. நான் சொன்னா மனசுக்காக சொல்றேன்னு நெனப்பாரு. நீ வந்து சொல்லு. நான் இல்லாத நேரமா போ" என்றாள்.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினாள் தபஸ்ஸும். ஒன்பதாவது வரிசையில் உள்ள மதிப்பு தவறு, சரியான மதிப்பு இது, தவறு கட்டுரையாளருடையது. அச்சில் வர நான்கு மாதம் ஆனது. ஆறு வரிகள். பத்து வருஷத்தில் அந்த அட்டவணையை ஏழு பேர்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை குடியாத்தம் போனாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டை விசாரித்து இறங்கியபோது மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அரங்கநாதன் அவளைக் கண்டதும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஆள் ரொம்ப மெலிந்திருந்தார்.

"வா பாப்பா, வா. உக்காரு. அப்பா தவறிட்டாராமே. கம்பெனில கேள்விப்பட்டு ரோஷினி சொன்னா."

தபஸ்ஸும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். மிஷின், கோடு, கணக்கு என்றெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தாள். பாதியில் அவர் கை காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது பாப்பா. ஒண்ணு மட்டும் சொல்லு. எம் பொண்ணு தப்பு பண்ணல?"

"பண்ணலப்பா. நாந்தான் பண்ணேன். அவ சரியா பாத்தா. நான் பாத்துட்டு, பாக்கலன்னு சொன்னேன்."

அவர் நூல் சுற்றிய அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அவளைத் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். அவர் தறியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் அவள ஒரு வார்த்த கேக்கல. ஆனா மனசுல நெனச்சிக்கினேதான் இருந்தேன், எங்கியோ கவனம் இல்லாம உட்டுட்டா இந்த பொண்ணுன்னு. மாப்ள ஊட்டுக்காரங்க கேட்டப்ப கூட, படிப்பு சரியா வரலன்னுதான் சொன்னேன். பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தா. கேட்டுக்கினே இருந்தா." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இப்ப அவ திரும்பிப் போயி படிக்க முடியுமா?"

"முடியாதுப்பா. மிஷினு இல்ல. சாரும் ரிட்டையர் ஆய்ட்டாரு. அவ ஆராய்ச்சிப் பதிவும் காலாவதி ஆய்டுச்சு."

"அது இன்னா பேப்பரு?"

கொடுத்தாள். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் மகளின் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று தெரியும். அவளுடைய சான்றிதழ்களில் பார்த்திருக்கிறார். மேலிருந்து கீழே, வரி வரியாக, விரல் வைத்துத் தேடினார். கடைசி வரிக்கு வந்து மறுபடி மேலே போனார்.

"எம் பொண்ணு பேரு எங்க கீது?"

"இல்லப்பா. அவளே வேணாம்னுட்டா."

அவர் தாளை மடித்தார். மடித்ததை நீவிவிட்டார். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இத நான் யாருக்கு காட்றது?"

தபஸ்ஸும் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, கிளம்புகிறேன் என்றாள். அவர் விடவில்லை. வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்றார். உள்ளே போய்த் தானே சோறு போட்டு, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "சாப்டு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போய், நிறுத்திய தறிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் இனி யாரும் பேச முடியாது. அவர் முதுகைப் பார்த்தபடி, தபஸ்ஸும் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.